ரவுட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கர்

டெல்லி சரோஜினி நகரில் உங்களுக்கு அரசுக் குவார்ட்டர்ஸ் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2025 ஜனவரி 3ஆம் தேதி பிரதமர் திறந்துவைத்த புதிய டைப்-2 குடியிருப்பு. 28 அடுக்குமாடிக் கட்டடங்கள், 2,500க்கும் மேற்பட்ட வீடுகள். சாமான் இறக்கியாகிவிட்டது, பால் பொங்கியாகிவிட்டது, இன்டர்நெட்காரர் வந்து ஒரு பெட்டியை வாசல் பக்கச் சுவரில் மாட்டிவிட்டுப் போய்விட்டார். கூடத்தில் படம் ஓடுகிறது. உள்ளறைக்குப் போனால் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டே நிற்கிறது. மகளின் ஆன்லைன் வகுப்பில் ஆசிரியர் குரல் விட்டுவிட்டு வருகிறது.

“நல்ல ரவுட்டராக ஒன்று வாங்கிவிடலாம், ஆனால் இரண்டாயிரம், மூவாயிரத்துக்கு மேல் போகக் கூடாது” என்று வீட்டில் முடிவாகிறது. கடைக்குப் போகும் முன் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதைச் சொல்கிறேன். கணினிப் பாடம் எதுவும் படித்திருக்கத் தேவையில்லை.

ரவுட்டர் என்றால் என்ன? வீட்டுக்குள் வரும் ஒரே இணைப்பை போன், டிவி, லேப்டாப், கேமரா என்று பல கருவிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் பெட்டி. வெளியிலிருந்து வருவது கண்ணாடி இழை. அதில் வருவது ஒளி. அந்த ஒளியைச் சாதாரண கேபிளில் போகக்கூடிய சமிக்ஞையாக மாற்றுவதற்கு ஓஎன்டி (ஃபைபர் வந்து முடியும் பெட்டி) என்று ஒன்று வேண்டும். இப்போது பெரும்பாலான கம்பெனிகள் இந்த இரண்டு வேலையையும் ஒரே பெட்டியில் வைத்துக் கொடுக்கின்றன.

அப்படியென்றால் தனியாக வாங்கத்தான் வேண்டுமா? பல வீடுகளில் வேண்டாம். முதலில் இருக்கும் பெட்டியை இடம் மாற்றிப் பாருங்கள். மாட்டியவர் தம் வேலைக்கு வசதியான இடத்தில், அதாவது கேபிள் உள்ளே நுழையும் இடத்தில் மாட்டியிருப்பார். அது வீட்டின் ஒரு மூலை. அங்கிருந்து கிளம்பும் அலையில் பாதி மாடிப்படிக்கும் லிஃப்டுக்கும் போய்க்கொண்டிருக்கும்.

பெட்டி வீட்டின் நடுவில், ஆள் உயரத்தில், திறந்த இடத்தில் இருப்பது நல்லது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் வைத்தால் அலை தாண்டாது. டிவிக்குப் பின்னால், ஃபிரிட்ஜ் மேல், மீன்தொட்டி பக்கத்தில் வைப்பதும் அப்படித்தான்: உலோகம் அலையைத் தடுக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். ஐந்தாறு மீட்டர் கூடுதல் கேபிளுக்குச் செலவு செய்து பெட்டியை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்த பிறகும் உள்ளறையில் சிக்னல் இல்லை என்றால், அப்போது ரவுட்டர் வாங்குவதைப் பற்றி யோசிக்கலாம்.

பழைய குவார்ட்டர்ஸில் இந்தத் தொல்லை இல்லையே என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், அதற்குக் காரணம் உண்டு. பழைய சரோஜினி நகர் தாழ்வான கட்டடங்களின் காலனி. செங்கல் சுவர், முன்னால் புல்தரை, நடுவே மரங்கள். உங்கள் போனில் வைஃபை பட்டியலைத் திறந்தால் நான்கைந்து பெயர்கள்தான் தெரிந்திருக்கும். அடுக்குமாடியில் மேலே, கீழே, இரு பக்கம், எதிர்வீடு என்று எல்லாத் திசையிலும் ரவுட்டர்கள். அதே பட்டியலில் இப்போது இருபது, முப்பது பெயர்கள் வரும். உங்கள் வீட்டில் சிக்னல் முழுதாகக் காட்டியும் வேகம் வராததற்கு இந்த நெரிசல்தான் பெரும்பாலும் காரணம்.

நெரிசல் எப்படி உண்டாகிறது? வைஃபை பெரும்பாலும் இரண்டு அலைவரிசைகளில் ஓடுகிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ். முதலாவது குறுகிய தெரு. அதில் ஒன்றையொன்று இடிக்காமல் போகக்கூடிய தடங்கள் மூன்றே மூன்று: 1, 6, 11. முப்பது வீடுகள் மூன்று தடங்களைப் பகிர்ந்துகொள்கின்றன. புளூடூத்தும் அதே தெருவில்தான் போகிறது. மைக்ரோவேவ் அடுப்பும் ஏறத்தாழ அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. பால் சூடாக்கும்போது பாட்டு நின்றால் ஆச்சரியப்படாதீர்கள்.

இரண்டாவது அகலமான சாலை. தடங்கள் நிறைய. இந்தியாவில் 2018 அக்டோபரில்தான் 5 கிகாஹெர்ட்ஸ் வரிசையில் 605 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு உரிமம் இல்லாமல் பயன்படுத்த அரசு திறந்துவிட்டது. ஆனால் இந்த அலை சுவரைத் துளைப்பதில் பலவீனமானது. ஒரு சுவர் தாண்டும், இரண்டு கான்கிரீட் சுவருக்குப் பின் தளர்ந்துவிடும். அடுக்குமாடியில் இந்தப் பலவீனமே உங்களுக்கு நன்மை. பக்கத்து வீட்டு 5 கிகாஹெர்ட்ஸ் அலையும் உங்கள் வீட்டுக்குள் அவ்வளவாக வராது.

ஆகவே, இரண்டு அலைவரிசையும் உள்ள ரவுட்டரை மட்டும் வாங்குங்கள். பெட்டியில் “டூயல் பேண்ட்” என்று போட்டிருக்கும். ஆயிரம் ரூபாய் சுமாரில் கிடைப்பவற்றில் பல 2.4 மட்டும் உள்ளவை. தனி வீட்டில், ஒரு போன், ஒரு டிவி என்றால் அது ஓடும். 28 அடுக்குமாடிகளுக்கு நடுவே அந்த ஆயிரம் ரூபாய் வீண்.

அடுத்து, பெட்டியின் மேல் பெரிதாக அச்சிட்டிருக்கும் எண். ஏசி1200, ஏஎக்ஸ்1500, ஏஎக்ஸ்3000 என்றெல்லாம் இருக்கும். 1200 என்றால் நொடிக்கு 1,200 மெகாபிட் உங்கள் போனுக்கு வருமா? வராது. 2.4 வரிசையில் 300, 5 வரிசையில் 867, இரண்டையும் கூட்டி முழுமையாக்கிய எண் அது. உங்கள் போன் ஒரு நேரத்தில் ஒரு வரிசையில்தான் இணையும். அந்த 867ம் சுவரே இல்லாத சோதனைக்கூடக் கணக்கு. நடைமுறையில் பாதி வந்தால் நல்ல ரவுட்டர்.

ஆன்டெனா அதிகம் இருந்தால் தூரம் போகுமா? கடைக்காரர் போகும் என்பார். நான்கு கொம்பு உள்ளதைத்தான் முன்னால் எடுத்து வைப்பார். ரவுட்டர் எவ்வளவு ஆற்றலில் அலை விடலாம் என்பதற்கு அரசு வரம்பு வைத்திருக்கிறது. கொம்புகள் கூடினாலும் அந்த வரம்பு உயராது. இன்னொன்றும் உண்டு. ரவுட்டர் பேசினால் போதாது, உங்கள் போன் திருப்பிப் பேச வேண்டும். போனின் ஆன்டெனா சிறியது, ஆற்றலும் குறைவு. ரவுட்டர் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் போனின் குரல் எட்டும் தூரம்தான் உங்கள் வைஃபையின் தூரம்.

பெட்டியின் முன்பக்கத்தில் பெரிதாகப் போடாத, ஆனால் உங்களுக்கு அதிகம் உறைக்கக்கூடிய விஷயம் பின்னால் இருக்கிறது. கேபிள் செருகும் துளைகளை, அதாவது போர்ட்டுகளைப் பாருங்கள். அவை 100 மெகாபிட் வகையா, கிகாபிட் (அதைவிடப் பத்து மடங்கு) வகையா? 100 மெகாபிட் போர்ட் வழியாக உண்மையில் 95க்கு மேல் வராது. நீங்கள் 200 மெகாபிட் திட்டத்துக்கு மாதாமாதம் பணம் கட்டிக்கொண்டு, வாசலில் 95ஐ மட்டும் உள்ளே விடும் பெட்டியை வைத்தால், மீதிப் பணம் யாருக்கு? இது வருடக்கணக்கில் யாரும் கவனிக்காமல் நடக்கும் நஷ்டம்.

ஓர் உதாரணம் தருகிறேன். டிபி-லிங்க் நிறுவனத்தின் ஆர்ச்சர் சி50, ஆர்ச்சர் சி6 இரண்டும் நம் ஊரில் நிறைய விற்றவை. இரண்டின் பெட்டியிலும் ஏசி1200 என்றுதான் இருக்கும். சி50இல் இருப்பது 100 மெகாபிட் போர்ட், சி6இல் இருப்பது கிகாபிட் போர்ட். விலையில் சில நூறு ரூபாய்தான் வித்தியாசம். பெட்டியின் பக்கவாட்டில் சின்ன எழுத்தில் “10/100” என்று மட்டும் இருந்தால் அது மெதுவான வகை. “10/100/1000” என்று இருந்தால் கிகாபிட். அந்த ஒரு வரியைப் படிக்காமல் பணத்தைக் கொடுக்காதீர்கள்.

வைஃபை 6 வேண்டுமா? ஏஎக்ஸ் என்று எண் தொடங்கினால் அது வைஃபை 6. பல கருவிகள் ஒரே நேரத்தில் கேட்கும்போது வரிசையைச் சீராக நடத்தும் திறமை அதற்கு அதிகம். உங்கள் போனும் அந்த வகையாக இருந்தால்தான் முழுப் பயன். ஐந்நூறு, அறுநூறு ரூபாய் கூடுதலுக்குக் கிடைத்தால் வாங்குங்கள். கையில் இருப்பது இரண்டாயிரம்தான் என்றால், கிகாபிட் போர்ட் உள்ள ஏசி1200 போதும். மூன்று, நான்கு பேர் உள்ள இரண்டறை வீட்டுக்கு அதில் குறை எதுவும் தெரியாது.

வாங்கும்போது பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அரசுத் தொலைபேசி நிறுவனமான எம்டிஎன்எல்லின் பழைய இணைப்பு டெலிபோன் கம்பி வழியாக வந்தது. அதற்கான பெட்டியின் பின்னால் டெலிபோன் ஜாக் மாதிரி சிறிய துளை இருக்கும். ஃபைபர் இணைப்புக்கு அது உதவாது. இன்று நீங்கள் வாங்க வேண்டியது, “வான்” என்று எழுதிய, சற்று அகலமான கேபிள் துளை உள்ள ரவுட்டர். மலிவாகக் கிடைக்கிறதே என்று பழையதை வாங்கி வந்து, செருக இடமில்லாமல் திரும்பக் கொடுக்க அலைவார்கள்.

இதுவரை சொன்னது பெட்டியைப் பற்றி. இனிச் சொல்லப்போவதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ரவுட்டர் ஒரு சின்னக் கணினி. அதற்குள் சிப் உண்டு, நினைவகம் உண்டு, அதை இயக்கும் ஒரு மென்பொருளும் உண்டு. அந்த மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதித்து வைத்திருக்கும் இயக்க மென்பொருள்) என்று பெயர். போனில் அப்டேட் வந்தால் உடனே கவனிக்கிறோம். ரவுட்டரை மாட்டிய நாளோடு மறந்துவிடுகிறோம். வீட்டில் இரவும் பகலும் அணையாமல், வெளியுலகத்தைப் பார்த்தபடி நிற்கும் ஒரே கணினி அதுதான்.

மறந்தால் என்ன ஆகும்? இதற்கு டெல்லியே சாட்சி. 2017 ஜூலை இறுதியில் பிஎஸ்என்எல், எம்டிஎன்எல் வாடிக்கையாளர்களின் மோடம்கள் திடீரென்று செயலிழந்தன. எம்டிஎன்எல் என்றால் டெல்லியும் மும்பையும். 60,000க்கும் மேற்பட்ட மோடம்கள் பாதிக்கப்பட்டதாகச் செய்தி வந்தது. லைன் கோளாறு என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். காரணம் பிரிக்கர்பாட் என்ற தீநிரல். அது இணையத்தில் வீடு வீடாகத் தட்டிப் பார்த்து, தொழிற்சாலையில் வைத்த பாஸ்வேர்டு மாறாமல் இருந்த கருவிகளுக்குள் நுழைந்து, உள்ளே பதிந்திருந்த ஃபர்ம்வேரையே அழித்தது. பிரிக் என்றால் செங்கல். ஃபர்ம்வேர் போன மோடம் செங்கலுக்குச் சமம் என்பதால் அந்தப் பெயர்.

அது எப்படி உள்ளே நுழைந்தது? அந்த மோடம்களை அலுவலகத்திலிருந்தே சரிசெய்வதற்காக வைத்திருந்த ஒரு வாசல் வெளியுலகுக்கும் திறந்து கிடந்தது. பூட்டு எல்லா மோடத்துக்கும் ஒன்றே: “அட்மின்”, “அட்மின்”. பிஎஸ்என்எல் தன் வாடிக்கையாளர்களிடம் பாஸ்வேர்டை உடனே மாற்றச் சொல்லிக் கேட்டுக்கொண்டது. அதுவரை அப்படி ஒரு பாஸ்வேர்டு இருப்பதே பெரும்பாலானோருக்குத் தெரியாது.

“என் வீட்டு ரவுட்டரை உடைத்து யாருக்கு என்ன லாபம்?” என்று நீங்கள் கேட்கலாம். பிரிக்கர்பாட் அழித்ததால்தான் வெளியே தெரிந்தது. மற்றவை சத்தமில்லாமல் குடியிருக்கும். 2016இல் மிராய் என்ற தீநிரல் இப்படிப்பட்ட ரவுட்டர்களையும் கேமராக்களையும் படையாகத் திரட்டி, அமெரிக்காவில் ட்விட்டர் உட்படப் பெரிய தளங்களையே மணிக்கணக்கில் முடக்கியது. கேமராவுக்குச் சொந்தக்காரருக்கு ஒன்றும் தெரியாது. நெட் கொஞ்சம் மெதுவாக இருக்கிறதே என்று மட்டும் நினைத்திருப்பார்.

உங்கள் பணத்துக்கு நேரடியாக வரும் ஆபத்தும் உண்டு. டிஎன்எஸ் (தளத்தின் பெயரைச் சொன்னால் அதன் முகவரியைச் சொல்லும் சேவை) எது என்று உங்கள் வீட்டுக் கருவிகளுக்குச் சொல்வது ரவுட்டர்தான். ரவுட்டருக்குள் நுழைந்தவர் அதை மாற்றிவைத்தால், நீங்கள் வங்கியின் பெயரைச் சரியாகத் தட்டினாலும் அதே மாதிரி வரைந்துவைத்த போலிப் பக்கத்துக்குப் போக நேரலாம். இணைப்பு பாதுகாப்பற்றது என்று போன் எச்சரித்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

சரி, நல்ல ஃபர்ம்வேர் உள்ள ரவுட்டரைக் கடையில் எப்படிக் கண்டுபிடிப்பது? பெட்டியில் அது எழுதியிருக்காது. வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போக வேண்டும். வாங்க நினைக்கும் மாடலின் பெயரைத் தட்டி, தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் பதிவிறக்கப் பகுதிக்குப் போங்கள். ஃபர்ம்வேர் பட்டியலில் தேதிகள் இருக்கும். கடைசித் தேதி ஆறேழு மாதத்துக்குள் இருந்தால் நல்லது. இரண்டு வருடத்துக்கு முன்னால் நின்றுபோயிருந்தால், அதை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் விட்டுவிடுங்கள். ஆதரவு முடிந்த மாடல் என்று நிறுவனமே அறிவித்த பிறகும் கடை அலமாரியில் அந்த ரவுட்டர் இருக்கும்.

இங்கேதான் அந்த ஸ்டிக்கர் வருகிறது. ரவுட்டரின் அடியிலும் பெட்டியின் பக்கவாட்டிலும் மாடல் பெயருக்கு அருகே “வெர்” என்று போட்டு ஓர் எண் இருக்கும். அது வன்பொருள் பதிப்பு எண். ஒரே பெயரில், ஒரே வடிவத்தில், உள்ளே வேறு சிப் வைத்து விற்பது இந்தத் தொழிலில் சாதாரணம். முன்பு சொன்ன ஆர்ச்சர் சி6இன் இரண்டாம் பதிப்பில் இருப்பது குவால்காம் சிப், மூன்றாம் பதிப்பில் மீடியாடெக் சிப். ஒன்றின் ஃபர்ம்வேர் மற்றொன்றுக்குச் சேராது. “சி6 நன்றாக இருக்கிறது” என்று நண்பர் சொன்னால், எந்தப் பதிப்பு என்று கேளுங்கள்.

தானாக அப்டேட் செய்துகொள்ளும் வசதி உள்ளதை வாங்க முடிந்தால் வாங்குங்கள். இரவு மூன்று மணிக்குத் தானே புதுப்பித்துக்கொண்டு காலையில் தயாராக நிற்கும். பெற்றோர் ஊரில் தனியாக இருக்கிறார்கள், அவர்களுக்கு வாங்கிக் கொடுக்கிறீர்கள் என்றால் இந்த வசதிக்காக முந்நூறு ரூபாய் கூடக் கொடுக்கலாம்.

நாமே அப்டேட் செய்ய வேண்டியிருந்தால்? கடினம் இல்லை. லேப்டாப்பைக் கேபிளில் ரவுட்டரோடு இணைத்துக்கொள்ளுங்கள். ஸ்டிக்கரில் உள்ள முகவரியைத் தட்டினால் (பெரும்பாலும் 192.168.0.1 அல்லது 192.168.1.1) செட்டிங்ஸ் பக்கம் திறக்கும். உங்கள் பதிப்பு எண்ணுக்கும் இந்தியாவுக்கும் உரிய கோப்பை மட்டும் ஏற்றுங்கள். ஏறும் ஐந்து நிமிடமும் கரன்ட் போகக் கூடாது. மே, ஜூன் மாத டெல்லியில் இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும்: இன்வர்ட்டரில் ஓடும் பிளக்கில் செருகிவிட்டுச் செய்யுங்கள்.

நிறுவனம் அப்டேட்டை நிறுத்திவிட்டது, ஆனால் ரவுட்டர் நன்றாக ஓடுகிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? எல்லா நேரமும் வேண்டாம். இதற்கு ஒரு நல்ல கதை உண்டு.

2002 கடைசியில் லிங்க்சிஸ் நிறுவனம் டபிள்யூஆர்டி54ஜி என்ற நீல, கறுப்பு நிற ரவுட்டரை வெளியிட்டது. அதன் ஃபர்ம்வேருக்குள் லினக்ஸ் இருப்பதை 2003இல் சிலர் கண்டுபிடித்தார்கள். லினக்ஸை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், ஆனால் அதில் செய்த மாற்றங்களோடு விற்றால் மூல நிரலைக் கேட்பவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அதன் உரிம நிபந்தனை. கேள்வி எழுந்ததும் நிறுவனம் நிரலை வெளியிட்டது. அந்த நிரலிலிருந்து 2004இல் தொடங்கியதுதான் ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டர்களுக்கான, யாரும் இலவசமாகப் பயன்படுத்தக்கூடிய திறந்தமூல ஃபர்ம்வேர்). உலகெங்கும் தன்னார்வலர்கள் இருபது வருடத்துக்கும் மேலாக அதை வளர்த்து வருகிறார்கள். தயாரித்த நிறுவனம் கைவிட்ட எத்தனையோ ரவுட்டர்கள் அதன் தயவில் இன்றும் பாதுகாப்பாக ஓடுகின்றன.

நீங்கள் அதைப் போட்டுக்கொள்ளலாமா? இரண்டு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது நினைவகம். 4 மெகாபைட் சேமிப்பும் 32 மெகாபைட் நினைவகமும் உள்ள பழைய மலிவு ரவுட்டர்களுக்கு இப்போதைய பதிப்புகள் பொருந்தாது. 8, 64 என்றால் இழுபறிதான். 16 மெகாபைட் சேமிப்பும் 128 மெகாபைட் நினைவகமும் இருந்தால் நிம்மதி. இரண்டாவது சிப். மீடியாடெக் சிப் உள்ளவற்றுக்கு ஆதரவு பொதுவாக நன்றாக இருக்கிறது. பிராட்காம் சிப் உள்ளவற்றில் வைஃபை பகுதியே சரியாக வேலை செய்யாமல் போகலாம். ஓப்பன்டபிள்யூஆர்டியின் தளத்தில் மாடல் வாரியாக, பதிப்பு எண் வாரியாகப் பெரிய அட்டவணை இருக்கிறது. உங்கள் ஸ்டிக்கரில் உள்ளது அதில் எழுத்துக்கு எழுத்து இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

என் கருத்தைக் கேட்டால், புது ரவுட்டரில் முதல் நாளே இதைச் செய்யாதீர்கள். வாரன்டி போய்விடும். தவறான கோப்பு ஏறினால் பெட்டி செங்கலாகிவிடும். வாரன்டி முடிந்து, நிறுவனமும் கைவிட்ட பிறகு இந்த வழி திறந்திருக்கும்படியான மாடலை இன்று தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள், அது போதும். இன்டர்நெட் கம்பெனி கொடுத்த பெட்டியில் மட்டும் கை வைக்கவே வேண்டாம். அது உங்களுடையது அல்ல, திரும்பக் கேட்பார்கள்.

எங்கே வாங்குவது? சரோஜினி நகர் மார்க்கெட் துணிக்குப் பேர்போனது, ரவுட்டருக்கு நேரு பிளேஸ்தான். பிங்க் லைனில் ஏறி லாஜ்பத் நகரில் வயலட் லைனுக்கு மாறினால் மூன்றாவது ஸ்டேஷன். ஆன்லைன் விலையைப் பார்த்துவிட்டுப் போங்கள். கடையில் வாங்குவதில் ஒரு வசதி உண்டு: பெட்டியைக் கையில் வாங்கி, பதிப்பு எண்ணைப் படித்துவிட்டுப் பணம் கொடுக்கலாம். ஆன்லைனில் எந்தப் பதிப்பு வரும் என்பது வந்த பிறகுதான் தெரியும்.

ரவுட்டரிலோ அடாப்டரிலோ பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும் “ஆர்” என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா பாருங்கள். ஜிஎஸ்டி பில் வாங்குங்கள், வாரன்டிக்கு அதுதான் ஆதாரம். நடைபாதையில் பழைய ரவுட்டர்களைக் குவித்து வைத்து முந்நூறு, நானூறுக்கு விற்பார்கள். அவற்றில் பல, கம்பெனிக்குத் திரும்பிப் போயிருக்க வேண்டியவை. வேறு இணைப்பில் வேலை செய்யாதபடி பூட்டியிருப்பார்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்து எப்படி இணைப்பது? கம்பெனியின் பெட்டியை எடுத்துவிட முடியாது, ஃபைபர் அதில்தான் முடிகிறது. அதிலிருந்து ஒரு கேபிளை இழுத்து உங்கள் ரவுட்டரில் செருக வேண்டும். செட்டிங்ஸில் “ஆக்சஸ் பாயின்ட்” (இணைப்பைப் பங்கிடும் வேலையைப் பழைய பெட்டிக்கே விட்டு, வைஃபை மட்டும் பரப்பும் முறை) என்று தேர்ந்தெடுத்தால் குழப்பம் இல்லாமல் ஓடும். லேண்ட்லைன் போனும் பழைய பெட்டியிலேயே தொடரும்.

உங்கள் ரவுட்டரே முழுப் பொறுப்பையும் ஏற்க வேண்டும் என்றால், கம்பெனியைக் கூப்பிட்டு அவர்கள் பெட்டியை “பிரிட்ஜ் மோட்”இல் (ஒளியை மாற்றுவதை மட்டும் செய்யும் நிலை) போடச் சொல்லுங்கள். பிபிபிஓஇ யூசர்நேம், பாஸ்வேர்டு (சில கம்பெனிகள் இணைப்பைத் திறக்கத் தரும் அடையாளம்) உண்டா என்றும் கேட்டு எழுதி வாங்குங்கள். அது இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை இரவு உட்கார்ந்தால் திங்கட்கிழமை அலுவலகம் போகும்வரை நெட் இருக்காது.

முதல் நாள் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை, பத்து நிமிட வேலை. செட்டிங்ஸ் பக்கத்துக்கான அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்வதால்தான் இது விட்டுப்போகிறது. பாதுகாப்பு வகையில் டபிள்யூபிஏ3 இருந்தால் அது, பழைய போன் ஒன்று இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 கலப்பு. டபிள்யூபிஎஸ் (பட்டனை அழுத்தியோ எட்டு இலக்க எண்ணாலோ இணைக்கும் வசதி) வேண்டாம், அணைத்துவிடுங்கள். அந்த எட்டு இலக்கத்தை மணிக்கணக்கில் ஊகித்துத் திறந்துவிடலாம் என்பது 2011லேயே வெளிவந்துவிட்டது. “ரிமோட் மேனேஜ்மென்ட்” என்று இருந்தால் அதையும் அணையுங்கள். 2017இல் திறந்து கிடந்தது இது போன்ற வாசல்தான்.

விருந்தினருக்கும் சிசிடிவி கேமராவுக்கும் “கெஸ்ட் நெட்வொர்க்” என்று தனி வைஃபை வைத்துவிடுங்கள். மலிவுக் கேமராக்களின் ஃபர்ம்வேர் ரவுட்டரைவிட மோசமாக இருக்கும். அவை உங்கள் லேப்டாப் இருக்கும் அறையில் குடியிருக்க வேண்டாம்.

பாஸ்வேர்டே இல்லாமல் திறந்து விட்டால் என்ன, பக்கத்து வீட்டுப் பையன் படிக்கட்டுமே என்று நினைப்பவர்கள் உண்டு. நல்ல மனசு. ஆனால் 2008 செப்டம்பர் 13 அன்று டெல்லியில் குண்டுகள் வெடித்தபோது, பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல் மும்பை செம்பூரில் இருந்த ஒரு நிறுவனத்தின் பாதுகாப்பற்ற வைஃபை வழியாகப் போயிருந்தது. காவல்துறை முதலில் போய் நின்றது அந்த நிறுவனத்தின் வாசலில். அந்தப் பையனுக்கு கெஸ்ட் நெட்வொர்க்கின் பாஸ்வேர்டைக் கொடுங்கள்.

கரன்ட் போனால்? வீட்டு இன்வர்ட்டர் பல நேரம் ரவுட்டர் இருக்கும் பிளக்குக்கு வராது. ரவுட்டருக்கென்றே சிறிய யுபிஎஸ் கிடைக்கிறது. உங்கள் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட்டும் (பெரும்பாலும் 12) யுபிஎஸ் தரும் வோல்ட்டும் ஒன்றாக இருக்க வேண்டும். கம்பெனியின் பெட்டி, உங்கள் ரவுட்டர் இரண்டுக்கும் சேர்த்து மின்சாரம் வேண்டும். ஒன்றை மட்டும் ஓட்டிப் பயனில்லை.

இத்தனையும் பார்த்து வாங்கினால் வேறொரு பலனும் உண்டு. நாளைக்கே சென்னைக்கோ கொல்கத்தாவுக்கோ டிரான்ஸ்ஃபர் வரலாம். கம்பெனியின் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு உங்கள் ரவுட்டரை மூட்டையோடு எடுத்துப் போகலாம். அங்கே எந்தக் கம்பெனி இணைப்பு கொடுத்தாலும் அதே கேபிள், அதே வைஃபை பெயர், அதே பாஸ்வேர்டு. வீட்டில் உள்ள எல்லாப் போனும் டிவியும் தாமாகவே இணைந்துகொள்ளும். அப்டேட் வந்துகொண்டிருக்கும் ரவுட்டர் ஐந்தாறு வருடம் உழைக்கும். இரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாயை அப்படி வகுத்துப் பார்த்தால் மாதம் நாற்பது ரூபாய் சுமாரில்தான் ஆகும்.

புதிது வாங்கினாலும் வாங்காவிட்டாலும், இன்று இரவு உங்கள் வீட்டு ரவுட்டரைத் திருப்பி அடியில் உள்ள ஸ்டிக்கரைப் போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். மாடல், பதிப்பு எண், முகவரி, பாஸ்வேர்டு எல்லாம் அதில் இருக்கும். அந்த முகவரிக்குப் போய்த் தட்டிப் பாருங்கள். “அட்மின்”, “அட்மின்” என்று போட்டதும் கதவு திறந்துகொண்டால், தூங்கப் போகும் முன் அதை மாற்றிவிடுங்கள்.